கடன் வாங்கிய முழங்கால்

"டெனிஸ்டன், மூட்டு டொக்டரிட்ட உம்மையும் மகளையும் கண்டனான். ஆருக்கு வருத்தம்?"

மாதா கோயில் வாசலில் ஸ்டெபனி அன்ரி இப்படிக் கேட்டபோது நான் குளிரைப் பற்றிப் பேசியிருக்கலாம்.

"எனக்குத்தான் அன்ரி" என்றேன். நம்பட்டும் என்று வலது காலை நொண்டியும் காட்டினேன். பக்கத்தில் நின்ற மகள் மெலனி என்னை விநோதமாகப் பார்த்தாள்.

வருத்தம் அவளுக்குத்தான். பன்னிரண்டு வயதில் முழங்கால் வீங்கி, ஓட்டப் போட்டிகளை விட்டிருந்தாள். "சின்னப் பிள்ளைக்கு மூட்டுவாதமோ!" என்று எங்கள் மோர்னிங்சைட் வட்டாரம் முழுக்க உச்சுக்கொட்டுவது அவள் காதில் விழக்கூடாது. அவ்வளவுதான் என் திட்டம்.

அடுத்த ஞாயிறு பூசையில் என் முழங்காலுக்காக மன்றாடினார்கள். பிறகு வீடு தேடி எண்ணெய்ப் போத்தல்கள் வந்தன. பாடகர் குழுவில் றெமிஜியஸ் அண்ணை, "நீர் நிக்கப்படாது" என்று எனக்கு மட்டும் கதிரை போட்டார்.

பிடிபடாமலிருக்க இன்னும் நன்றாக நொண்டினேன். நடிப்பில் அப்படி ஊறிப்போனேன். ஒருவரும் பார்க்காதபோதும் நொண்டினேன். காலையில் கைவிரல்கள்கூட விறைத்து ஒத்துழைத்தன.

இதற்கிடையில் மெலனியின் முழங்காலில் ஊசி ஏற்றி நீர் எடுத்தார்கள். அவள் கண் இமைக்கவில்லை. இரத்தமும் எடுத்துச் சோதிக்கவேண்டும் என்று குடும்ப டொக்டர் நிலாணி சொன்னதும்தான் என் கையைப் பிடித்துக்கொண்டு நடுங்கினாள்.

"அப்பா, பிளீஸ். நீங்களும் குடுத்தாத்தான் நான் குடுப்பன்."

"எனக்கும் எழுதுங்கோ டொக்டர்" என்றேன், பெரிய தியாகி போல.

சோதனை முடிவு வந்த அன்று என்னால் பொறுக்க முடியவில்லை.

"டொக்டர், நேராச் சொல்லுங்கோ. பிள்ளை திரும்ப ஓடுவாளோ?"

"மருந்தைத் தொடங்கினா ஓடுவா. ரத்தத்திலயும் அன்ரிபொடி இல்லை, மூட்டு நீரிலயும் இல்லை. சின்னப் பிள்ளையளின்ர வாதத்தில கனபேருக்கு இப்பிடித்தான்."

"அன்ரிபொடி எண்டா?"

"கிருமியோட சண்டை பிடிக்கிற ஆக்கள். சில பேருக்குச் சொந்த மூட்டோடயே சண்டைக்குப் போவினம். உங்கட ரத்தத்தில ஒரு பட்டாளமே நிக்குது."

"எனக்கோ? டொக்டர், நான் நொண்டினது சும்மா நடிப்பு!"

மெலனி போனிலிருந்து தலை நிமிர்த்தவில்லை.

"அப்பா, நீங்கள் நடிச்சது வலது கால். இப்ப நொண்டுறது இடது கால். அதாலதான் நான் ஊசிக்குப் பயம் எண்டு நடிச்சனான்."