தங்கையின் பெயரை நான் முழுங்கிய கதை

படிக்காதவர் ஒரு தப்பு செய்தால் "தெரியாமச் செஞ்சுட்டேங்க" என்று ஒரே வரியில் முடித்துக்கொள்வார். படித்தவன் செய்தால் அதற்கு விளக்கம் வைத்திருப்பான். விளக்கம் எவ்வளவு நீளமோ, தப்பு அவ்வளவு பெரியது என்று எடுத்துக்கொள்ளலாம். என்னுடைய விளக்கம் முக்கால் மணி நேரம் ஓடும். அதற்கு லேப்டாப்பும் வேண்டும்.

தப்பைச் சொல்லிவிடுகிறேன். அப்பா இறந்த அன்று அவருக்கு அடித்த கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸில் என் ஒரே தங்கையின் பெயரைக் காணாமல் அடித்தவன் நான்.

சென்னையில் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறேன். கம்ப்யூட்டர் திரையில் தெரிகிற பொத்தான், பட்டியல், எழுதும் கட்டம் இதெல்லாம் வானத்திலிருந்து விழுவதில்லை. யாரோ பாடுபட்டுச் செய்து வைத்திருப்பார்கள், மற்றவர்கள் அதை எடுத்துப் பொருத்திக்கொள்வார்கள். சூளையில் கல் வாங்கி வீடு கட்டுவது மாதிரிதான். நான் மட்டும் சொந்தமாக மண் குழைக்கக் கிளம்பியவன். போஸ்டர், கல்யாணப் பத்திரிகை வடிவமைக்க ஒரு சின்ன செயலி எழுதி, அதற்கு எழுதும் கட்டத்தையும் நானே செய்திருந்தேன். (ஏன் என்று கேட்காதீர்கள். அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, சனி ஞாயிறு நிறைய மிச்சம் இருந்தது.)

எங்கள் ஊர் வல்லத்திராக்கோட்டை. அப்பா மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு அண்ணன், நான், கயல்விழி என்று மூன்று பிள்ளைகள். கயல் தனக்குப் பிடித்த ஒருவரை, எங்கள் ஆட்கள் அல்லாத ஒருவரை, வீட்டுக்குச் சொல்லாமல் கட்டிக்கொண்டு அறந்தாங்கிக்குப் போய்விட்டாள். அடுத்த வாரமே அப்பா தாலுகா ஆபீஸுக்குப் போய் ரேஷன் கார்டில் அவள் பெயரை எடுத்துவிட்டு வந்தார். கல்யாணமான பெண்ணின் பெயரை எடுப்பது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ஆனால் பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய வீட்டில் அதற்கு இவ்வளவு அவசரப்பட மாட்டார்கள். அதன்பிறகு ஒன்பது வருஷம் அவர் அவளோடு பேசவில்லை. எங்கள் வீட்டில் யாரும் அவள் பெயரை உரக்கச் சொன்னதும் இல்லை.

கடைசி வாரம் மட்டும், படுக்கையில் கிடந்தபடி, "கயலு வந்துச்சா?" என்று அம்மாவிடம் இரண்டு தடவை கேட்டிருக்கிறார். அம்மா அதை அண்ணனிடம் சொல்லி, அண்ணன் கூப்பிடலாமா வேண்டாமா என்று யோசித்து, அவர் யோசித்து முடிப்பதற்குள் ஒரு விடிகாலையில் அப்பா போய்விட்டார்.

செய்தி கேட்டு ஒன்பது மணிக்குக் கயல் வந்து சேர்ந்தாள். அவள் வீட்டுக்காரர் பஸ் ஸ்டாப் டீக்கடையிலேயே நின்றுவிட்டார். அவரை வாங்க என்று யாரும் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை.

கொள்ளி வைக்கப்போவது அண்ணன். எனக்கென்று வேலை ஒன்றும் இல்லை. சும்மா உட்கார்ந்தால் அழுதுவிடுவேன் என்று பயந்து, "ஃபிளெக்ஸை நான் பாத்துக்கிறேன்" என்றேன். எங்கள் பக்கம் எல்லாச் சாவுக்கும் புதுக்கோட்டையில் ஒரு கடையில்தான் அடிப்பார்கள். ஃபோனில் பெயர்களைச் சொன்னால் போதும், அந்தக் கடைக்காரரே அடித்து முடித்துவிடுவார். அவர் பழைய காலத்து ஃபான்ட் வைத்திருப்பவர். டைப்ரைட்டிங் முறையில் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பார். என் போன்ற மேதைக்கு அது இளக்காரம்.

"நீங்க அடிக்க வேணாங்க. நானே அடிச்சு அனுப்புறேன். பிரிண்ட் மட்டும் போடுங்க" என்றேன்.

"எதுக்குண்ணே செரமம்? அப்பாவ வச்சுக்கிட்டு நீங்க அங்கிட்டு இருங்க, நான் பாத்துக்கிறேன்" என்றார் அவர். கேட்டிருக்கலாம்.

அஞ்சலி ஃபிளெக்ஸ் முன்னால் நிற்கிற யாரும் செத்தவரின் முகத்தை ரொம்ப நேரம் பார்ப்பதில்லை. அந்த முகம் ஊருக்கே தெரிந்ததுதானே. பார்வை நேரே கீழே இறங்கும். யார் பெயர் இருக்கிறது, யார் பெயர் முன்னால், எந்த மருமகன் பெயரை விட்டுவிட்டார்கள் என்று பார்ப்பார்கள். அதில் பெயர் இருந்தால் குடும்பத்தில் இருக்கிறாய், இல்லையென்றால் இல்லை. அதனால் அண்ணனைத் தனியே கூப்பிட்டேன்.

"அண்ணே, கயலு பேரு போடவா?"

அவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "போடு. அவரே கேட்டாருல்ல, கடைசியில. அவ பேரு மட்டும் போடு. மாப்பிள்ள பேரு… இப்ப வேணாம்."

பாதிச் சம்மதம்தான். ஆனால் ஒன்பது வருஷத்தில் அதுதான் முதல் பாதி.

லேப்டாப்பைத் திறந்து, ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாக மாறும் முறையில் பெயர்களை அடித்தேன். அம்மா, அண்ணன், அண்ணி, நான். ஒவ்வொரு வரிக்கும் கடைசியில் என்டர் தட்டி அடுத்த வரிக்குப் போனேன். கடைசி வரியாக "மகள் : கயல்விழி" என்று அடித்துவிட்டு, அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

ரொம்ப நேரம் பார்த்தாள். "நம்ம வீட்டுல எம்பேர எழுதி ஒம்பது வருசம் ஆச்சுண்ணே" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அதென்ன எம்பேருக்குக் கீழ மட்டும் கோடு?" என்று கேட்டாள்.

"ஒனக்கு மட்டும் ஸ்பெஷல்" என்றேன். செத்த வீட்டில் தங்கையைச் சிரிக்க வைத்துவிட்ட பெருமை எனக்கு.

அந்தக் கோட்டைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். தமிழில் ஒரு விசையைத் தட்டியதும் அதுதான் எழுத்து என்று முடிவு கட்ட முடியாது. 'க' என்று நினைத்தால் அடுத்த தட்டில் அது 'கா' ஆகலாம், 'கி' ஆகலாம். அதனால் விசைப்பலகைக்கும் செயலிக்கும் நடுவில் ஒரு தரகர் உட்கார்ந்திருப்பார். உள்ளீட்டு முறை என்பார்கள். நாம் தட்டுவதெல்லாம் முதலில் அவர் கைக்குத்தான் போகும். சொல் முழுசாகும் வரை அவர் அதைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, "இப்போதைக்கு இப்படி" என்று செயலிக்குக் காட்ட மட்டும் செய்வார். செயலியும் அதைக் கீழே கோடு போட்டுத் திரையில் வரையும். ஸ்பேஸோ என்டரோ தட்டினால்தான் தரகர் "இந்தா, வச்சுக்க" என்று சொல்லை ஒப்படைப்பார். கோடும் மறையும். அதுவரை அந்தச் சொல் திரையில் தெரியுமே தவிர, எழுதியதில் சேர்த்தி இல்லை. கோடு என்றால் "இன்னும் உள்ளே சேர்க்கவில்லை" என்று அர்த்தம்.

நீங்கள் என்டர் தட்டாமல் மவுஸை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் போனால், அனுபவசாலிகள் செய்த கட்டம், கையில் இருப்பதைக் கொடுத்துவிட்டுப் போகும்படி தரகரிடம் முதலில் கேட்டு வாங்கிக்கொள்ளும். நான் செய்த கட்டம் கேட்காது. கேட்க வேண்டும் என்பதே எனக்குத் தெரியாது.

கடைசி வரிக்குப் பிறகு அடுத்த வரி இல்லை, அதனால் என்டரும் இல்லை. நேராக மவுஸால் சேமிப்புப் பொத்தானை அழுத்தினேன். திரையில் கயல்விழி கோட்டோடு அப்படியே இருந்தாள். ஃபைலில் இல்லை. திறந்து ஒரு தடவை பார்க்காமல் வாட்ஸப்பில் அனுப்பினேன்.

அரை மணி நேரத்தில் கடைக்காரர் கூப்பிட்டார். "அண்ணே, ஃபைலு வந்துருச்சு. கீழ ஒரு எடத்துல காலியாக் கெடக்கே?"

எழுத்துகளுக்கு நடுவே தாராளமாக இடம் விடுவது நவீன வடிவமைப்பு. இவருக்கு எங்கே புரியப்போகிறது என்று நினைத்தேன். "அது அப்படித்தாங்க இருக்கணும். நீங்க எதுலயும் கை வைக்காதீங்க" என்றேன். (இந்த வாக்கியத்தை இப்போதும் சில நேரம் குளிக்கும்போது நினைத்துக்கொண்டு குழாயடியில் நின்றுவிடுவேன்.)

ஃபிளெக்ஸ் வந்தபோது நான் பந்தலுக்குப் பின்னால் அமரர் ஊர்திக்காரரோடு பேசிக்கொண்டிருந்தேன். வாங்கி வந்தவர்கள் வாசலில் விரித்து அண்ணனுக்குக் காட்டியிருக்கிறார்கள். அவர் பார்த்துவிட்டு, "கட்டுங்கப்பா" என்றாராம். பஸ் ஸ்டாப்பில் கட்டினார்கள். நாங்கள் எதிர்த் திசையில் சுடுகாட்டுக்குப் போய்விட்டோம்.

காரியம் முடிந்து, குளித்து, ஈர வேட்டியோடு வீட்டுக்குத் திரும்பியபோது, பஸ் ஸ்டாப்பில் ஏதோ கூட்டம் என்றார்கள். போய்ப் பார்த்தேன். நடுவில் கயல். வீட்டுக்காரருக்குத் தண்ணீர் கொடுக்க வந்தவள், சொம்பைக் கையில் வைத்தபடி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா படம், தோற்றம், மறைவு, எங்கள் பெயர்கள். கடைசி வரியில் "மகள் :" என்று போட்டு, அதற்குப் பிறகு வெள்ளையாக இருந்தது.

மொத்த வரியும் போயிருந்தால்கூட மறதி என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். மகள் இருக்கிறாள், பெயரைச் சொல்லத்தான் எங்களுக்கு வாய் வரவில்லை என்று ஆறடிக்கு நாலடி அளவில் ஊருக்கு அறிவித்திருந்தோம்.

"பேரச் சொல்லக்கூட ஆகாதுன்னு வெத்தா விட்டுட்டாக போல" என்று டீக்கடையில் யாரோ சொன்னார்கள்.

கயல் என்னைப் பார்த்தாள். "நான் பாத்தேன்ல, சின்னண்ணே? எம்பேரு இருந்துச்சுல்ல? அப்பறம் யாரு எடுக்கச் சொன்னது?"

அந்த வெள்ளை இடத்தைப் பார்த்த மாத்திரத்தில் என்ன நடந்தது என்று எனக்குப் புரிந்துவிட்டது. அதுதான் வினை. நான் விளக்க ஆரம்பித்தேன். "யாரும் எடுக்கல கயலு. நீ பாத்தது உள்ள இல்ல. நடுவுல ஒரு தரகர் மாதிரி ஒண்ணு இருக்கு, அதுகிட்ட இருந்துச்சு. கோடு போட்டிருந்துச்சுல்ல, அதுக்கு என்ன அர்த்தம்னா…" ஒரு குச்சியை எடுத்துத் தரையில் படம் வேறு போட்டேன். விசைப்பலகை இங்கே, செயலி அங்கே, அம்புக்குறி. சாம்பல் வாசம் போகாத ஒருவன் புழுதியில் உட்கார்ந்து பாடம் நடத்துவதை ஊர் சுற்றி நின்று பார்த்தது.

"அப்பாவ எரிச்சுட்டு வந்து நிண்டு பொய் சொல்லாதண்ணே" என்றாள்.

அறந்தாங்கி பஸ் வந்தது. நான் படியைப் பிடித்துக்கொண்டு இன்னும் பேசிக்கொண்டிருந்தேன். "சார், ஏறுறீங்களா, பேசுறீங்களா?" என்றார் கண்டக்டர். கையை எடுத்தேன். அம்மாவிடம்கூடச் சொல்லாமல் அவள் போனாள். சொம்பு டீக்கடை பெஞ்சில் இருந்தது.

வீட்டில் அண்ணனிடம் கேட்டேன். "பாத்தீங்கள்ல? பேரு இல்லைன்னு ஏன் சொல்லல?"

"நீதான் மனசு மாறி எடுத்துட்டேன்னு நெனச்சேன்" என்றார். ஈரத் துண்டைக் கொடியில் போட்டுவிட்டு, "எனக்கும் அது ஒரு மாதிரி நல்லதாப் பட்டுச்சுடா" என்றார். அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்குக் கயல் வரவில்லை. அம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த மாதம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அறந்தாங்கிக்குப் போனேன். உண்மையை நிரூபித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினேன். அவள் எதிரில் உட்கார்ந்து, அவள் பெயரை அடித்து, சேமித்து, திறந்து காட்டினேன். வெள்ளை. மறுபடியும் செய்தேன். வெள்ளை. பிறகு நான் சரிசெய்த கட்டத்தில் செய்து காட்டினேன். பெயர் அழகாக நின்றது. "நாலே வரிதான் கயலு. நாலு வரி சேத்தேன், சரியாப்போச்சு."

அவள் வீட்டுக்காரர் ஆர்வமாக எட்டிப் பார்த்து, "அட, ஆமா மச்சான்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் வாழ்க்கையில் ஒரு பிழையை இவ்வளவு ஆசையாக யாருக்கும் விளக்கியதில்லை.

கயல் லேப்டாப்பை மெதுவாக மூடினாள். "நம்புறேண்ணே. நீ எடுக்கல. மிஷினுதான் முழுங்கிருக்கு" என்றாள்.

அப்பாடா என்று இருந்தது.

"ஆனா டீக்கடைக்குப் பக்கத்துல பொட்டிக்கடை இருக்குல்ல. அங்க மார்க்கர் பேனா விப்பாகல்ல. நானே பள்ளிக்கூடத்துக்கு வாங்கிருக்கேன்."

"ஆமா."

"எம்பேரு அஞ்சு எழுத்துண்ணே. எனக்குத் தரையில படம் போட்டு வெளக்குன நேரத்துக்கு, பெஞ்சு மேல ஏறி நிண்டு அஞ்சு எழுத்து எழுதிருக்கலாம்ல?"

முக்கால் மணி நேர விளக்கம் என்னிடம் இருந்தது. அதில் மார்க்கர் பேனா எங்கேயும் வரவில்லை. எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை என்பதுதான் உண்மை. அவள் பெயர் அங்கே வரவேண்டும் என்பதைவிட, தப்பு என்னுடையது இல்லை என்று அவள் நம்புவதுதான் எனக்கு அன்று முக்கியமாக இருந்திருக்கிறது. அதை அவளிடம் இதுவரை சொன்னதில்லை, இங்கே எழுதுகிறேன்.

இப்போது அம்மா வாரம் ஒரு தடவை பஸ் ஏறி அறந்தாங்கிக்குப் போய் வருகிறார். ஊருக்கு வந்தால் நானும் போவேன். அந்த வீட்டில் டீ ஊற்றும்போது எனக்கு ஒரு டம்ளர் குறைந்தால், "மச்சான் டீய கம்ப்யூட்டர் முழுங்கிருச்சு" என்பார் மாப்பிள்ளை. எல்லோரும் சிரிப்பார்கள், அம்மாவும்கூட. எனக்கு வேண்டுமென்றே ஒரு டம்ளர் குறைக்கிறார்கள் என்று சந்தேகம்.

கிளம்பும்போது, "ஒருக்கா நம்ம வீட்டுக்கு வா, கயலு" என்பேன். "வாரேண்ணே" என்பாள். நாலு வருஷமாக வந்துகொண்டே இருக்கிறாள்.