மாமாவின் வண்டி ஏரிக்குப் போன வகை

மினசோட்டா,
பிப்ரவரி, ஞாயிற்றுக்கிழமை

மரியாதைக்குரிய மாமா ஆர்விட் அவர்களுக்கு, மாப்பிள்ளை க்ளேட்டன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் மகள் இங்கிரிட்டும் நலம். குளிருக்குப் பயந்து புளோரிடா போன நீங்களும் அத்தையும் அங்கே நலமாக இருப்பீர்கள். இரத்த அழுத்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு மேலே படிக்கவும்.

முதலில் நல்ல செய்தி. பருவநிலை மாற்றத்தை மக்களுக்கு எடுத்துச் சொல்வதுதான் என் உத்தியோகம் என்றபோது நீங்கள் சிரித்தீர்கள். "இந்த ஊர்ல பத்துப் பேரை நம்ப வச்சிடு மாப்ளே, என் பிக்கப் வண்டியையே வித்துடுறேன்" என்று பந்தயமும் கட்டினீர்கள். மாமா, நான் ஜெயித்துவிட்டேன்.

நேற்று கெட்டியாக உறைந்த நம் ஏரியின் மேல், பனியில் துளை போட்டு மீன்பிடிக்கும் போட்டி. பேசுவதற்கு அழைத்திருந்தார்கள். மேசை, ஒலிபெருக்கி, பதாகை எல்லாம் கொண்டுபோக வேண்டும். சொந்தக் கார் வைத்துக்கொள்வதில்லை என்பது என் கொள்கை, சைக்கிளில் ஒலிபெருக்கி நிற்காது. உங்கள் வண்டிச் சாவி மாவு டப்பாவுக்குப் பின்னால் இருப்பதும் எனக்குத் தெரியும். "அப்பாகிட்ட நீங்களே சொல்லிக்குங்க, என்னை இழுக்காதீங்க" என்று இங்கிரிட் கோட்டைப் போர்த்திக்கொண்டு திரும்பிப் படுத்துவிட்டாள். (ஹீட்டரைக் குறைத்து வைத்திருக்கிறோம்.)

விடியற்காலையில் ஏரிக்குப் போனால் அக்கிரமம்! பண்டிகை முடிந்து தூக்கியெறிந்த கிறிஸ்துமஸ் மரங்களை யாரோ பனியின் மேல் வட்டமாகக் குத்திவைத்திருக்கிறார்கள். குப்பை போடுவதிலும் ஒரு அலங்காரம்! கரையில் வண்டியை நிறுத்திவிட்டு ஒவ்வொன்றாகப் பிடுங்கி இழுத்துவந்து, வண்டியில் ஏற்றி, உரக்கிடங்கில் சேர்த்துவிட்டுத் திரும்பினேன். அதற்குள் உறைந்த ஏரியின் மேல் முழுக்க வண்டிகள். ஆனால் பாருங்கள், நடுவில் ஓர் இடம் மட்டும் எனக்கென்றே காலியாக இருந்தது. நல்ல காரியம் செய்பவனுக்கு இடம் தானாகக் கிடைக்கும். வண்டியை அங்கேயே நிறுத்தினேன். தூண்டில் கடை ஆர்னே தூரத்திலிருந்து இரண்டு கைகளையும் ஆட்டி வரவேற்றார். நானும் ஆட்டினேன்.

மேடையேறி வெளுத்து வாங்கினேன். "இந்த ஏரி பழைய ஏரி இல்லை, இதை நம்பி வண்டி ஏற்றாதீர்கள்!" என்றேன். கூட்டத்திலிருந்து ஒரு அம்மாள், "இவ்ளோ பேசுறியே தம்பி, அங்க நிக்கிற வண்டி யாருது?" என்றாள். பதில் சொல்ல வாயைத் திறந்தேன், படீரென்று ஒரு சத்தம். உங்கள் வண்டி மூக்கைக் குத்திக்கொண்டு மெதுவாக, மரியாதையாக இறங்கியது. உள்ளே யாரும் இல்லை. பின்விளக்குகள் தண்ணீருக்குள்ளும் கொஞ்ச நேரம் எரிந்துகொண்டிருந்தன. உங்கள் பராமரிப்பு அப்படி, மாமா.

எத்தனையோ வருடப் பேச்சு சாதிக்காததை உங்கள் வண்டி ஒரு நிமிடத்தில் சாதித்தது. அத்தனை பேரும் வண்டிகளைக் கரைக்கு ஓட்டினார்கள். 'பருவநிலை மாறுவதை நம்புகிறோம்' என்ற என் படிவத்தில் முப்பது பேர் கையெழுத்துப் போட்டார்கள். பந்தயப்படி நீங்கள் வண்டியை விற்க வேண்டும். அந்தச் சிரமத்தை ஏரியே எடுத்துக்கொண்டது. நாளை கிரேன் வருகிறது.

எனக்கு வருத்தம் இல்லாமல் இல்லை. அந்த வண்டி உங்களுக்கு எப்படியென்று தெரியும். ஆனாலும் இனியாவது என்னை ஒரு வேலை பார்க்கிற மனிதனாக நினைப்பீர்கள் அல்லவா? அத்தைக்கு என் அன்பு. வெயில் உங்கள் முழங்காலுக்கு இதமாக இருக்கட்டும்.

பாசமுள்ள மாப்பிள்ளை,
க்ளேட்டன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் ஆர்னே வந்துவிட்டார். நான் வண்டியை நிறுத்திய இடம், போன வாரம் குளிர்ந்த ஏரித் தண்ணீரில் குதித்துக் குளிக்க ஊர்க்காரர்கள் பனியில் அறுத்த பெரிய குழியாம். மேலாகத்தான் உறைந்திருந்ததாம். யாரும் அங்கே வண்டியை விட்டுவிடக் கூடாதென்றுதான் மரங்களை நட்டார்களாம். "பனி வருஷா வருஷம் மெலியுறது எங்களுக்கு எப்பவோ தெரியும்ப்பா. உன்னாலதான் நம்பினோம்னு மட்டும் ஆர்விட்டுக்கு எழுதிடாத" என்றார். ஆகவே மாமா, நான் நம்பவைத்தவர் ஒருவரும் இல்லை. பந்தயத்தில் ஜெயித்தது நீங்கள்தான். வண்டியை நீங்கள் விற்க வேண்டியதில்லை.