மரவள்ளிக் காட்டில் நின்ற ரெக்கை

அன்புத் தம்பி சுபுஹானுக்கு, கள்ளக்குறிச்சியிலிருந்து அண்ணன் ஜாபர் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே என் முழங்காலைத் தவிர எல்லாரும் சுகம். உன் சுகத்தை விசாரிப்பதற்கு முன்னால் உன் மேல் எனக்குள்ள வருத்தத்தைச் சொல்லிவிடுகிறேன். போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய். காகிதத்தில் அது முடியாது.

உன் மகள் ரிஹானாவை லீவுக்கு அனுப்பும்போது இன்னா சொன்னாய்? "அவ வேஷம் போட்டு போட்டோ எடுக்கப் போறாளாம், ஆடை வடிவமைப்புக் காலேஜுக்கு அனுப்பணுமாம். அதைப் படிச்சா யாருண்ணே வேலை குடுப்பா? எப்படியாவது நிறுத்துங்க, பி.காம். சேத்துடலாம்" என்றாய். ஆனால் அவள் செய்வது இன்னதென்று ஒரு வார்த்தை சொன்னாயா? என் கடையில் மழைக்குக் காத்திருந்த கறுப்புக் குடைகளைப் பிரித்து, கம்பியும் துணியுமாக ஆள் உயர ரெக்கை கட்டியிருக்கிறாள். பழைய பேப்பரையும் பசையையும் பிசைந்து இரண்டு கொம்பு. தரை கூட்டும் கறுப்பு அங்கி. கேட்டால் கோதிக் என்கிறாள். இடிந்த கோட்டை, மூடுபனி, துக்கம் எல்லாம் சேர்ந்தால் கோதிக்காம்.

"இவ பேயா, ராணியா?" என்றேன்.

"சாபம் வாங்குன ராணி, பெரியத்தா. ரெக்கை இருக்கும், பறக்க முடியாது."

"சாபம் குடுத்தது யாரு?"

"அதை இன்னும் யோசிக்கல."

"யோசிக்காமதான் என் குடையைக் கிழிச்சியா?"

நான் எதையும் கேட்காமல் விடுகிறவன் இல்லை என்பது உனக்குத் தெரியும். ரெக்கையோடு எப்படிப் படுப்பாள், மல்லாந்தா, குப்புறவா? கொம்பு முளைத்தவள் உடையைத் தலைவழியாக எப்படி மாட்டுவாள்? இதற்கு மட்டும் அவள் திடுக்கிட்டு, அங்கியைப் பிரித்து முன்பக்கம் கொக்கி வைத்துத் தைத்தாள். அதற்காக எனக்கு ஒரு நன்றி கிடையாது.

அவளுடைய சிநேகிதி இலக்கியாதான் படம் எடுப்பவள், வடக்கனந்தல் பெண். ரெக்கைக்குச் சாயம் பூசி, அவள் ஊரில் ஒரு வரப்பில் கழி நட்டுக் காய வைத்துவிட்டு வந்திருக்கிறார்கள். காலையில் நானும் கூடப் போனால் வரப்பில் ரெக்கை இல்லை. மரவள்ளிக் காட்டின் நடுவில், தலைக்குச் சுண்ணாம்புப் புள்ளி வைத்த சட்டியோடு நின்றுகொண்டிருந்தது. காட்டுக்காரர் சடையன் அதன் காலடியில் உட்கார்ந்து நிம்மதியாக டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"யாரோ பன்னி வெரட்டற பொம்மைய வரப்புல வச்சிட்டுப் போயிருக்காங்கன்னு நெனச்சேன் பாய். தெனம் காவ காத்துகினு கெடந்தவன், நேத்துதான் வூட்டுல படுத்தேன். ஒரு பன்னி வரலங்க. இத்த குடுக்க முடியாது."

"அது எங்க வூட்டுப் பொண்ணோட ரெக்கைய்யா."

"பொண்ணுக்கு ரெக்கை எதுக்கு பாய்?"

தம்பி, இதே கேள்வியை நான் அவளிடம் வாரம் முழுக்கக் கேட்டவன். வேறொருவன் கேட்டபோது எனக்கு ஏன் அப்படிப் பொத்துக்கொண்டு வந்தது என்று தெரியவில்லை. "அவ சாபத்துல இருக்கிறா. ரெக்கை இருந்தும் பறக்க முடியாது. உனக்கு இன்னா தெரியும் கோதிக்கப் பத்தி?" என்று கத்திவிட்டேன். ரிஹானா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சடையன் கொஞ்சம் இறங்கி வந்தார். "பகல்ல எடுத்துகினு போங்க. பொழுது சாயறதுக்குள்ள திருப்பி நட்டுடணும்" என்றார். ஆனால் அவர்கள் படம் எடுக்க இருந்த கல்வராயன் மலையில் பொழுது சாயும்போதுதான் பனி இறங்கும் என்று இலக்கியா சொன்னாள். பனி இல்லாவிட்டால் படம் இல்லை. படங்கள் போய்ச் சேர வேண்டிய கடைசி நாளோ மறுநாள். ரிஹானா அழவில்லை. தலையில் மாட்டி வந்திருந்த கொம்பைக் கழற்றி, வரப்பில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டாள். அது அழுவதைவிட மோசமாக இருந்தது.

நான் சடையனைத் தனியாக அழைத்துப் பேசி முடித்தேன். எப்படி என்பது உனக்கு வேண்டாத விஷயம். உன் அண்ணி ஹப்சா பிள்ளைகளுக்குக் காவலாக மலையேறினாள். பனி இறங்கியது, படம் எடுத்தார்கள், இருட்டியதும் படம் எடுப்பது நின்றுவிட்டது. நீ நிறுத்தச் சொன்னாய், நின்றுவிட்டது. இனி இந்த மாதிரி வேலைக்கு என்னைக் கூப்பிடாதே. ஒரு குடைக்காரனுக்கும் பேய் ராணிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

உன் வியாபாரத்தில் பரக்கத்தும், வீட்டில் நிம்மதியும், உனக்குக் கொஞ்சம் பொறுமையும் இறைவன் தரட்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்
ஜாபர்

பி.கு.: உறையில் உள்ள படங்களைப் பார். கடைசிப் படத்தில், இருட்டிய மரவள்ளிக் காட்டில், டார்ச் வெளிச்சத்தில், கறுப்பு ஷெர்வானியோடு குடை விரித்து நிற்பது பொம்மை இல்லை. ரெக்கை திரும்பி வரும்வரை அதற்குப் பதிலாக யாராவது நிற்க வேண்டியிருந்தது. பன்றி வரவில்லை. மலையிலிருந்து இறங்கியவர்கள் என்னைக் கேட்காமலே எடுத்துவிட்டார்கள். சாபம் கொடுத்தவர் நான்தானாம். எல்லாப் படமும் காலேஜுக்குப் போய்விட்டது, நானே பக்கத்தில் உட்கார்ந்து அனுப்பச் சொன்னேன். பக்கத்துக் காட்டுக்காரர்கள் இரண்டு பேர் ஆளுக்கொரு ஜோடி ரெக்கை கேட்டு என் கடைக்கு வந்துவிட்டுப் போனார்கள். யார் வேலை கொடுப்பார் என்று இனிமேல் கேட்காதே. கறுப்புக் குடை தீர்ந்துவிட்டது, அங்கிருந்து அனுப்பு.