பரோக்கியாவும் மண்டபச் சாவியும்

சொல்லுக்கு வேர் தோண்டும் மனிதர்கள் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் ஏதோ அவசரமாகப் பேசிக்கொண்டிருப்பீர்கள். அவரோ நீங்கள் சொன்ன கடைசிச் சொல்லைப் பிடித்துக்கொண்டு லத்தீனுக்குள் இறங்கியிருப்பார்.

இத்தாலியில், எங்கள் உம்ப்ரிய மலையூரில் அவர் பெயர் ஒட்டொரினோ; மரியாதைக்கு 'டொட்டோரே' என்போம். மருந்துக்கடையை மகனிடம் விட்டுவிட்டு, ஊர்த் தேவாலயத்தின் பங்குப் பேரவைக்குத் தலைவரானவர்; பங்கு மண்டபத்தின் சாவியும் அவரிடம்தான். ஞாயிறு பூசை முடிந்து காப்பிக் கடை வாசலில் அவர் உட்கார்ந்தால் காப்பி ஆறும், கேட்பவர் முகம் வாடும், அவர் மட்டும் சூடாகவே இருப்பார். பூசைக்கு ஏன் 'மிஸ்ஸா' என்று பெயர்? முடிவில் பாதிரியார் 'போய் வாருங்கள்' என்று அனுப்பும் சொல்லாம் அது. இதைச் சொல்ல அரைமணி நேரம் எடுப்பார். ஒருவரையும் போகவிடமாட்டார்.

மே மாதத்து ஞாயிறு ஒன்றில், பங்கைக் குறிக்கும் 'பரோக்கியா' என்ற சொல் அகப்பட்டது.

"பங்கு, பங்குன்னு பேசுறீங்களே, பரோக்கியான்னா என்ன தெரியுமா? வந்தேறிங்க தங்குற இடம்! நாம எல்லாருமே இந்த பூமிக்கு வாடகைக்கு வந்தவங்கதான்யா!" சொல்லும்போது கண்கூடக் கலங்கியது.

அப்போது எண்ணெய் ஆலையில் வேலை செய்யும் மிரிகா வந்தாள். அல்பேனியாக்காரி.

"டொட்டோரே, அடுத்த ஞாயிறு எம் பொண்ணுக்குப் புதுநன்மை, முதல் நற்கருணை வாங்குறா. மத்த பிள்ளைங்களுக்கெல்லாம் பங்கு மண்டபத்துலதான விருந்து? எங்களுக்கும் ஒரு மேசை போட்டுக்கலாமா?"

"அது பங்கு மக்களுக்குத்தாம்மா. நீ எங்கேருந்தோ வந்தவ."

"வந்தவங்களுக்குப் பேருதான் பரோக்கியான்னு இப்பத்தான சொன்னீங்க?"

"அது சொல்லோட வேரும்மா!"

"சரி, உங்க குடும்பம் இந்த ஊருக்கு எப்ப வந்துச்சு?"

"வந்துச்சா? எட்டுத் தலைமுறையா இங்கதான் இருக்கோம்!"

"அப்ப நீங்கதான் பங்குல சேர்த்தி இல்ல. சாவியக் குடுங்க."

காப்பிக் கடை நீவெஸ் சிரித்துவிட்டாள். "குடுங்க டொட்டோரே, லத்தீனே சொல்லிருச்சு!"

ஒட்டொரினோ சட்டைப்பையைத் தடவினார். முகம் மலர்ந்தது.

"சாவி! லத்தீன்ல அதுக்கு 'க்ளாவிஸ்'. அது எங்கேருந்து வந்துச்சுன்னா..."

வாசகரே, 'பரோக்கியா லத்தீனே இல்லை, கிரேக்கத்திலிருந்து போனது' என்று சொல்ல உங்கள் நாக்கும் துடித்ததா? எனக்குத் துடித்தது. எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். வாங்கியது இதற்குத்தானா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

மண்டபம் திறந்ததா என்று நீங்கள் கேட்கவில்லையே? திறக்கவில்லை. அந்தச் சிறுமி வெள்ளுடையோடு காப்பிக் கடை வாசலில் நின்று கேக் வெட்டினாள்.

எதற்கும் உங்கள் சட்டைப்பையை ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.