பானைக்குள் ஒரு தொம்

குத்புதீன் சுவிட்சைப் போட்டான். பாட்டு எழும்பியது. கூடவே, யாரும் கூப்பிடாமல் ஒரு 'தொம்'மும் வந்தது.

"இன்னைக்கும் வந்துட்டா மச்சான்?" அடுக்களையிலிருந்து மனைவி நபீசா கேட்டாள்.

"வந்துட்டு."

குத்புதீனுக்குக் கோவில்பட்டி பஜாரில் ஜவுளிக்கடை வேலை. கை துணியை அளக்கும். மனசு டிரான்சிஸ்டரில் கிடக்கும். மைக்செட் கடை சங்கரபாண்டி அண்ணாச்சி வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். அவன் கையால் செய்த ஆம்ப்ளிஃபயர் ஒழுங்காகப் பாடினால் அவர் கடையில் மெக்கானிக் வேலை. பாடாவிட்டால் ஆயுசு முழுக்க வேட்டிக்கரையை விரித்துக் காட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

குளத்தூரிலிருந்து வந்து இந்த லைன் வீட்டில் இப்போதுதான் குடியேறியிருந்தார்கள். வீட்டுக்கு வீடு பெண்கள் தீப்பெட்டி ஒட்டினார்கள். பசைக் கையோடு யாரும் லேசில் எழுந்திருப்பதில்லை. அதனால் பக்கத்து வீட்டு வெயிலம்மாளோடுகூட நபீசா இன்னும் நின்று பேசவில்லை.

மரப்பெட்டிக்குப் பதிலாக ஒரு மண்பானையின் வாயில் ஸ்பீக்கரைக் கட்டி, அந்த வெயிலம்மாள் வீட்டோடு பொதுவாயிருந்த சுவரின் மாடக்குழியில் வைத்திருந்தான் குத்புதீன். பானைக்குள் புகுந்த எந்தச் சத்தமும் கனமாகத்தான் வெளியே வந்தது. 'தொம்'மும் அப்படித்தான்.

"சுவிட்சைப் போட்டதும் கரண்டு கண்டன்சருக்குள்ள முட்டி மோதிக்கிட்டுப் பாயுது. அந்த முட்டுதான் தொம்முன்னு கேக்குது" என்றான்.

"எனக்கு என்னமோ உரல்ல இடிக்க மாதிரில்லா கேக்குது."

"உனக்கு எதைக் கேட்டாலும் அடுக்களைதான்."

சத்தம் கூடியதால் ஸ்பீக்கர் திணறுகிறது என்று முடிவு கட்டி, குமிழைத் திருகிக் குறைத்தான்.

தொம், தொம்.

"ரெட்டைப் புள்ளையா!" என்றாள் நபீசா.

மறுநாள் பெரிய கண்டன்சராகப் பார்த்து ஈயம் வைத்துப் பற்றவைத்தான். பாட்டு புதுப்பெண் மாதிரி மெதுவாகத் தலையை நீட்டியது. தொம், தொம், தொம். அதற்கடுத்த நாள் பானைக்குள் கரிசல் பஞ்சை அடைத்தான். பாட்டு கிணற்றுக்குள்ளிருந்து கேட்டது. தொம் மட்டும் முன்னைவிடத் தெம்பாக வந்தது.

ரேடியோவில் பாட்டு இல்லாதபோது சுவிட்சைப் போட்டுப் பார்த்தான். பானை பரம சாது.

"பாட்டைக் கேட்டாத்தான் இதுக்குக் கோவம் வருது" என்றான்.

"உங்க வாப்பா குணம் அப்படியே இருக்கு."

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. சோறும் இறங்கவில்லை. நபீசா அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"வேலை கிடைக்காட்டிப் போகுது மச்சான். சட்டிபானைய எல்லாரும் அடுப்புல வைக்காக. நீங்கதான் பாட வச்சிருக்கீக."

குத்புதீனுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒருத்தி வீட்டில் இருக்கும்போது, பாழாய்ப்போன இந்தத் தொம்முக்கு மட்டும் ஏன் இரக்கமே இல்லை?

வெள்ளிக்கிழமை சங்கரபாண்டி வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். டிரான்சிஸ்டருக்கு முந்தின வால்வு செட்டிலேயே வளர்ந்த மனுஷர்.

"வால்வு இல்லாம பாடுமாலே?"

"கேட்டுட்டுச் சொல்லுங்க அண்ணாச்சி."

பாட்டு எழும்பியது. சங்கரபாண்டியின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மலர்ந்தது. கால் தாளம் போட ஆரம்பித்தது.

தொம்.

கால் நின்றது. குத்புதீன் பதறிப்போய்ச் சத்தத்தைக் குறைத்தான். தொம், தொம். இன்னும் குறைத்தான். தொம், தொம், தொம்! சுவரிலிருந்து சுண்ணாம்பு பொலபொலவென்று உதிர்ந்தது.

"பாட்டு தேனாட்டம் இருக்கு தம்பி. இந்த ஒரு கோளாறு மட்டும் இல்லன்னா நாளைக்கே கடைக்கு வான்னு சொல்லிருப்பேன்" என்றார் சங்கரபாண்டி. "இதைப் புதூர்க் கோயில் கொடை விழாவுக்குக் கொண்டுபோனா, சாமியாடுதவன் விடிஞ்சாலும் நிக்க மாட்டானப்பா!"

குத்புதீன் போய் வயரைப் பிடுங்கினான். பாட்டு அடங்கியது.

'தொம்!'

வயர் அவன் கையில் தொங்கிக்கொண்டிருந்தது. மூன்று பேரும் பானையைப் பார்த்தார்கள். சங்கரபாண்டி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தேவிட்டார்.

"கரண்டு இல்லாமலே அடிக்குதேப்பா!"

வாசலில் நிழலாடியது. முழங்கை வரை பசையோடு, கக்கத்தில் உலக்கையை இடுக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு வெயிலம்மாள் நின்றாள்.

"ஏன் பாய், பசைக்கையோட எந்திரிச்சு வர ஏலாம, பாட்டைக் கொஞ்சம் கூட்டி வைங்கன்னுதான நாங்க தெனமும் செவுத்துல தட்டுதோம், நீங்க தட்டத் தட்டக் கொறைச்சுக்கிட்டே போயி, இன்னைக்கு ஒரேயடியா அமத்திட்டீகளே!"