பாட்டு அறைக்குள் வந்த மெத்தை

அயனம்பாக்கம்,
வெள்ளிக்கிழமை.

மைத்துனர் லோகநாதன் அவர்களுக்கு, எத்திராஜ் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நான் நலம். அங்கு நீங்களும் குழந்தைகளும், கோபித்துக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கும் உங்கள் அக்கா சரசாவும் நலமாயிருக்க மாரியம்மன் துணை. போன் செய்தால் அவளே எடுத்து, என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

ஓய்வு பெற்றதும் பின்னறையைப் பாட்டுக் கேட்கும் அறையாக்கினேன் அல்லவா? பெரிய ஸ்பீக்கர் வைத்தும் பாட்டு கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலவே வந்தது. என் அண்ணன் மகன் ஹேமநாதன் வந்து கைதட்டிப் பார்த்தான். "சித்தப்பா, சுவரெல்லாம் சத்தத்தைத் திருப்பி அடிக்குது. மூலையில நல்லா தடிமனா பஞ்சு அடைச்சு பேனல் வைங்க" என்றான். மறுநாளே ஏரிக்கரையில் ஒரு இலவம்பஞ்சு மெத்தை கிடந்தது. செத்தவர் படுத்த மெத்தையை அங்கே கொண்டுபோய்ப் போடுவார்கள் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அடுக்குமாடிக்குக் குடிவந்தவர்கள் நல்ல பொருளையெல்லாம் தூக்கிப் போடுகிறார்கள், இதுவும் அப்படித்தான் என்று நானே முடிவு செய்துகொண்டு ஆட்டோவில் ஏற்றி வந்துவிட்டேன். பஞ்சை மரச்சட்டத்தில் அடைத்து, மெத்தையின் நீலக்கோட்டுத் துணியையே மேலே இழுத்து ஆணியடித்தேன்.

அறை அடங்கியது. அப்படியொரு அடக்கம் மச்சான், கைதட்டினால் சத்தம் கையை விட்டே போகவில்லை. என் மூச்சு எனக்குக் கேட்டது. நான் மூச்சை அடக்கியபோதும் கேட்டது. ஃபேன் என்று நினைத்துக்கொண்டேன். ஃபேன் ஓடவில்லை.

சாயங்காலம் சரசா காபி கொண்டுவந்து வைத்துவிட்டுத் திரும்பியவள் அப்படியே நின்றாள்.

"உள்ள யாரு கீறாங்க?"

"யாரும் இல்லையே."

"அப்போ சக்கரை கம்மின்னு சொன்னது யாரு? நீங்க இன்னும் வாய்லயே வெக்கலியே!"

எனக்கும் கேட்டதுதான். பின்பக்கத்து மூலையிலிருந்து, கரகரவென்று. ரெக்கார்டில் கீறல் என்றேன். "கீறல் சக்கரை கேக்குமா?" என்றாள்.

காலையில் வீட்டு வேலைக்கு வரும் அஞ்சலை பேனலைப் பார்த்ததும் துடைப்பத்தைக் கீழே போட்டாள். "ஐயையோ, இது எங்க அழகேசன் மாமா மெத்தையாச்சே! சக்கரை நோவுல பூட்டாரு. சாவற வரிக்கும் சக்கரை போடு, சக்கரை போடுன்னு கேட்டுகினே கெடந்தாரு. நாங்கதான் குடுக்கல."

அவ்வளவுதான், சரசா பையைத் தூக்கிக்கொண்டு முத்தாபுதுப்பேட்டைக்கு பஸ் ஏறிவிட்டாள். அவள் இல்லாத வீடு எனக்கு வீடாகவே இல்லை. இன்றைக்கே பேனலைப் பிரித்து, மெத்தையை எடுத்த இடத்திலேயே போட்டுவிடுகிறேன், இது சத்தியம். தயவுசெய்து நாளைக்கே அவளை அனுப்பிவையுங்கள். உங்களுக்குப் புண்ணியமாகப் போகும். குழந்தைகளுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் மாமா,
எத்திராஜ்

பின்குறிப்பு: ஆணியைப் பிடுங்கும் முன் கடைசியாக ஒருமுறை கேட்டுவிடலாமே என்று வயலின் ரெக்கார்டைப் போட்டேன். பாட்டு உச்சிக்குப் போய் இறங்குகிற இடத்தில், எங்கே சொல்ல வேண்டுமோ சரியாக அங்கே, மூலையிலிருந்து "ஆகா" என்று கேட்டது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கல்யாணம் ஆன நாளிலிருந்து சரசா ஒரு பாட்டைக்கூட என்னோடு முழுசாக உட்கார்ந்து கேட்டதில்லை. வேறு யாரும் கேட்டதில்லை. ஆகவே அவள் ஆடி முடியும்வரை உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். ஏற்கெனவே ஒருமுறை வெளியே தூக்கிப் போடப்பட்ட மனிதர். மறுபடியும் போட எனக்கு மனசு வரவில்லை.