எது அட்டை, எது புழு?

இரண்டு ஜாடிகளின் பெயர்ச்சீட்டுகளும் வாளித் தண்ணீரில் எழுத்தழிந்து மிதந்தன. தூசி போகட்டுமென்றுதான் எத்திராஜ் ஜாடிகளைக் கழுவினார்.

மல்லேஸ்வரத்தில் ஒரு கல்லூரியின் விலங்கியல் ஆய்வகத்தில் அவர் உதவியாளர். பத்து மணிக்குச் செய்முறைத் தேர்வு. ஒரு ஜாடியில் குளத்து அட்டை, மற்றதில் மண்புழு. வெளியிலிருந்து வரும் தேர்வாளர் பெயர்களைக் குறித்துக்கொண்ட பிறகு சீட்டைப் பிரித்துவிட்டு மாணவிகளை உள்ளே விடுவார்கள். அந்த இரண்டை மட்டும் தொட வேண்டாமென்று பேராசிரியை லீனா நேற்றே சொல்லியிருந்தார். இப்போது அவரிடம் போய்க் கேட்டால் கழுவிய கதையும் வெளியே வரும்.

பார்மலினில் ஊறி இரண்டும் ஒரே பழுப்பாகச் சுருங்கியிருந்தன. இடப்பக்க ஜாடிதான் அட்டை என்று லேசாக நினைவு. உறுதி செய்ய இரண்டையும் தட்டில் எடுத்துப் போட்டுவிட்டு, லென்ஸ் தேடி அலமாரிக்குப் போனார். திரும்பி வந்தால் தட்டு காலி.

துப்புரவு செய்யும் முத்தம்மா தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அதுல ரெண்டு இருந்துச்சே, எங்கம்மா?"

"செத்த புழுதானேண்ணா. குப்பையில கொட்டிட்டேன்."

குப்பைத்தொட்டியைக் கவிழ்த்துத் தேடி எடுத்தார். இப்போது இடப்பக்கம், வலப்பக்கம் என்ற நினைவுக்கும் வேலையில்லை. லென்ஸை வைத்துக்கொண்டு வால் முதல் தலைவரை பார்த்தார். அட்டைக்கு இரு முனையிலும் உறிஞ்சி உண்டு என்று லீனா பாடம் நடத்தியது ஞாபகம் வந்தது. ஒன்றின் பின்முனையில் சட்டைப் பொத்தான்போல ஒரு வட்டம். மற்றதில் வட்டமே இல்லை. வளையத்துக்கு வளையம் நான்கு நாள் தாடிபோல நுண்ணிய முட்கள். எத்திராஜுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஜாடிகளில் போட்டு, புதுச் சீட்டெழுதி ஒட்டினார்.

தேர்வாளர் வீணா வந்தார். முதல் ஜாடியை வெகுநேரம் உற்றுப் பார்த்தார். சீட்டின்மேல் விரலை வைத்தார். ஈர மை விரலில் ஒட்டியது. எத்திராஜை அருகே வரச்சொல்லிக் கண்ணைக் காட்டினார். வேலை போயிற்று என்றே அவர் நினைத்தார்.

வீணா குனிந்து ரகசியமாகச் சொன்னார்: "பேர் எழுதி வச்சது ரொம்ப உபகாரம். ஜுவாலஜி சார் இன்னைக்கு ரஜா, என்னை அனுப்பிட்டாங்க. நான் பாட்டனி."